கொடுமுடிக் கோகிலம்

காவிரியின் கீழ்க்கரையில் நம் நாமக்கல் சமவெளி, எதிர்க்கரையில் கொடுமுடி. அவ்வூரில் 1908-இல் எளிய குடும்பத்தில் பிறந்தவர் கே. பி. சுந்தராம்பாள். ஒலிபெருக்கி இல்லாத அந்நாளைய நாடக மேடையில், கடைசியில் தரையில் அமர்ந்திருப்பார் செவிக்கும் பாட்டு எட்டுதல் வேண்டும். அவர் பாட்டு எட்டிற்று. கடல் கடந்து இலங்கை மேடைகளிலும் ஒலித்தது.

செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவோடு இணைந்து பாடிய ஆண்டுகள் சிலவே. கிட்டப்பா முன்னரே மணமானவர். இருவரிடையே பிணக்கும் பிரிவும் நேர்ந்தன. 1933-இல், 27 வயதில் அவர் மறைந்தார். சுந்தராம்பாளுக்கு அப்போது 25. வெண்ணிற ஆடை பூண்டார். இனி எந்த ஆடவர்க்கும் இணையாக நடிப்பதில்லை என உறுதி கொண்டார்.

நடிகை ஒருவர்க்கு இது தொழிலையே துறப்பதாகும் என்றே நாம் எண்ணுவோம். அவரோ கச்சேரி மேடை ஏறினார். 1935-இல் வெளிவந்த ‘பக்த நந்தன’ரில் ஆண்வேடமே தாங்கி நந்தனாராக நடித்தார், ஊதியம், அந்நாளில் எவரும் வியந்த ஓர் இலட்சம் ரூபாய். பின்னர் மணிமேகலை (1940), ஒளவையார் (1953), ‘பூம்புகா’ரில் கவுந்தியடிகள் (1964) என நம் இலக்கியத் துறவியரும் மூதாட்டியரும் அவர் உருவில் வந்தனர். ஒளவை என்றதும் நம் மாணவர்க்கு ஏட்டினும் முன்னே அவர் முகம் தோன்றுவதை வகுப்பறையில் கண்டிருக்கிறோம்!

காங்கிரஸ் மேடைகளில் பாடியவர், சென்னை சட்ட மேலவையிலும் அமர்ந்தார். ‘துணைவன்’ படப் பாடலுக்காக 1969-ஆம் ஆண்டின் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது, அறுபதைக் கடந்த அக்குரலுக்கே கிடைத்தது. 1980-இல் மறைந்தார்.