வாக்காளரை இழந்த செனற்றர்

ஒரு சபையிலே ஒருவர் பிரதிநிதியாக வீற்றிருக்க வேண்டுமாயின், அவரைத் தெரிந்தனுப்ப ஒரு நிலப்பகுதி வேண்டும். அந்நிலத்திலே வாக்காளர் வேண்டும். இது யாவரும் அறிந்த முறை. 1947 தொடக்கம் 1971 வரை நம் நாட்டிலும் செனற் சபை ஒன்று இருந்தமையால், மூதவை என்பது நம்மவர்க்குப் புதியதன்று. ஆயின், தம்மை முன்னர்த் தெரிந்தனுப்பிய நிலம் அயலரசின் கைப்பட்ட பின்பும், அந்நிலத்தின் குரலாகவே கருதப்பெற்று, இருபத்து நான்கு ஆண்டளவு ஒரு செனற் சபையில் அமர்ந்திருந்த பெருமகன் ஒருவன் உளன் என்பதைப் பலர் அறியார். அவர்தாம் பிரான்சு தேசத்து ஓகுஸ்த் ஷூரர்-கெஸ்னர்.

பிரான்சின் கீழ்த்திசை எல்லையில், வோஜ் மலைத்தொடருக்கும் றைன் நதிக்கும் இடையே கிடப்பது அல்சாஸ் என்னும் வளநாடு. அந்நாட்டு மக்களின் வீட்டு மொழி யேர்மன் இனத்தது. உள்ளமோ பிரெஞ்சுப் புரட்சியின் கொள்கைகளிலே ஊறியது. அங்குள்ள மியூலூஸ் நகரில் 1833 பெப்ரவரி 11 ஆந் திகதி ஷூரர் பிறந்தார். தந்தையார் சீத்தைத் துணி அச்சிடும் தொழிற்சாலை உடையவர். பாரிஸ் சென்று இரசாயனம் பயின்ற மைந்தர், பெரியதோர் இரசாயனத் தொழிற்சாலைக்கு உரிமையாளரான ஷார்ல் கெஸ்னரின் மகளை 1856 இல் மணந்து, மாமனார் பெயரையுந் தம் பெயரோடு இணைத்துக்கொண்டார். இக்கெஸ்னரின் பாட்டியார் வேறு யாருமல்லர்; யேர்மன் மகாகவி கேதே தம் இளமை நாவலிற் படைத்த லொத்தே என்னும் நாயகிக்கு மூலமாயமைந்த ஷார்லோத் பூவ் அம்மையாரே. எல்லைப்புறத்துக் குடும்பங்களில் இரு தேசத்துக் குருதியும் இவ்வாறு கலந்தோடுதல் இயல்பு.

மூன்றாம் நெப்போலியனின் முடியாட்சியை ஷூரர் வெறுத்தார். குடியரசுக் கொள்கையைப் பரப்பிய குற்றத்துக்காக 1862 இற் சிறை புகுந்தார். 1870 இற் பிரசியாவோடு போர் மூண்டபோதோ, அரசன்மீதிருந்த வெறுப்பு நாட்டின்மீதிருந்த அன்பைக் குறைக்கவில்லை. தெற்கே சேத் துறைமுகத்தில் வெடிமருந்துச் சாலையை நடத்தும் பொறுப்பைத் தம் இரசாயன அறிவு கொண்டு நிறைவேற்றினார்.

போரிற் பிரான்சு தோற்றது. 1871 பெப்ரவரி 8 ஆந் திகதித் தேர்தலில், அல்சாஸின் தென்பகுதியான மேல்றைன் மாவட்டத்து மக்கள் அவரைத் தேசிய சபைக்கு அனுப்பினர். அச்சபை போர்தோ நகரிற் கூடி, மார்ச்சு 1 ஆந் திகதி சமாதான உடன்பாட்டை 546 வாக்குக்களால் ஏற்றது, எதிர்த்தவை 107. அல்சாஸும், லொறேனின் ஒரு பகுதியும் யேர்மனிக்குரியனவாயின. அந்நிலத்துப் பிரதிநிதிகள், மக்களின் இசைவின்றி மக்களைக் கைமாற்றுதல் அறமன்று என முறையிட்டுச் சபையை நீங்கினர். ஷூரரும் உடன் நீங்கினார். ஸ்திராஸ்பூர் நகரபிதாவாயிருந்த கியூஸ் என்னும் பிரதிநிதி அன்றிரவே போர்தோவில் உயிர் துறந்தார். மேல்றைன் மாவட்டத்திற் பெல்போர் கோட்டையும் அதன் சூழலுமே பிரான்சுக்கு எஞ்சின.

அதே ஆண்டு யூலையிற் பாரிஸ் வாக்காளர் ஷூரரை மீண்டும் சபைக்குத் தெரிந்தனர். 1875 இற் குடியரசின் அமைப்பு வகுக்கப்பட்டபோது, 300 உறுப்பினர் கொண்ட செனற் சபை தோன்றியது. அவருள் 225 பேரை மாவட்டங்களும் குடியேற்ற நாடுகளும் தெரிந்தனுப்பும். எஞ்சிய 75 பேரைத் தேசிய சபையே ஆயுட்கால உறுப்பினராகத் தெரியும். எஞ்சிய பெல்போர் பகுதிக்கு ஓர் இடமே கிடைத்தது. இழந்த அல்சாஸுக்கோ மாவட்டமுமில்லை, வாக்குமில்லை. அக்குறையை ஆயுட்கால உறுப்புரிமையே ஓரளவு நிரப்பியது. 1875 டிசெம்பரில் ஷூரர்-கெஸ்னர் அவ்வாறு தெரியப்பட்டார். காலப்போக்கில், பிரெஞ்சு அல்சாஸின் கடைசிப் பிரதிநிதி என்னும் மதிப்பு அவரைச் சூழ்ந்தது. சபையின் உபதலைவர் பதவியும் வந்தெய்தியது. எவரும் குறை கூறாத நல்வாழ்வு அது.

அந்நல்வாழ்வை அவர் தாமே பணயம் வைத்தமைதான் இச்சரிதத்தின் உயிர்நிலை. 1894 டிசெம்பரில் அல்பிரெட் திரைபஸ் என்னும் பீரங்கிப் படைக் கப்டன், யேர்மனிக்கு இராணுவ இரகசியம் விற்றதாகத் தண்டிக்கப்பட்டு, தென்னமெரிக்கக் கரையோரத்துப் பேய்த்தீவுக்கு அனுப்பப்பட்டார். அவர் யூதர், பிறந்தது ஷூரர் பிறந்த மியூலூஸ் நகரிலேயே. ஷூரர் முதலில் ஐயுற்றார்; வினவினார்; தெளிவு பெற்றிலர். 1897 யூலை 13 ஆந் திகதி, அல்சாஸ் நாட்டவரேயான லெப்லுவா என்னும் வழக்கறிஞர் உண்மையை அவர்பால் ஒப்புவித்தார். இராணுவ உளவுப் பிரிவுக்குத் தலைவராயிருந்த பிக்கார் என்பவர், உண்மைக் குற்றவாளி எஸ்தெறாசி என்னும் படையதிகாரியே எனக் கண்டிருந்தார். ஆனால், அச்செய்தியின் மூலத்தை வெளியிடலாகாதென்பது லெப்லுவா விதித்த நிபந்தனை.

இழந்த தாயகத்தை மீட்டுத்தரும் என்று அல்சாஸ் மக்கள் நம்பியிருந்தது பிரெஞ்சுச் சேனையையே. அச்சேனையின் நீதிமன்று தவறியது என்று அல்சாஸின் பிரதிநிதியே கூறுவதா? கூறாதுவிடின், அநீதியைத் தாங்கி நிற்கும் ஒரு தேசத்தோடு மீண்டும் சேர்வதற்கு அம்மக்கள் ஏங்குவதிற் பொருள் யாது? இவ்விரண்டிற்கும் இடையே நின்ற கிழவர், உண்மையின் பக்கமே சாய்ந்தார்.

ஒரு பிழையும் அவர்பால் நேர்ந்தது. யுத்த மந்திரி பில்லோ நெடுநாள் நண்பராதலின், அவர் நீதி செய்வார் என நம்பி, ஒக்டோபர் இறுதியில் அவரைத் தனியே கண்டு, இரு வாரம் பொறுத்திருக்க உடன்பட்டார். மந்திரி ஒன்றுஞ் செய்திலர். பத்திரிகைகளோ அக்காலத்தில் முதியவரை யேர்மானியர் என்றும், யூதர் பொருளுக்கு விலைபோனவர் என்றும் தூற்றின. வாக்குறுதியாற் கட்டுண்ட அவர் சான்றுகளை வெளியிட இயலாது துன்புற்றார். டிசெம்பர் 7 ஆந் திகதி செனற் சபையில் அவர் பேசியபொழுது, பல்லாண்டு அவரைப் போற்றிய உறுப்பினர் குளிர்ந்த மௌனத்தோடு கேட்டிருந்தனர். 1898 சனவரி 11 ஆந் திகதி எஸ்தெறாசி விடுதலை பெற்றான். 13 ஆந் திகதி, எமில் சோலாவின் புகழ்பெற்ற பகிரங்கக் கடிதம் வெளிவந்த அன்றே, சபை அவரை உபதலைவர் பதவியினின்றும் நீக்கி வேறொருவரைத் தெரிந்தது.

எனினும் உண்மை மெல்ல நடந்து வந்தது. பொய்ச்சான்று புனைந்த ஆன்றி என்னும் அதிகாரி 1898 ஓகஸ்டிற் சிறையில் உயிர் மாய்த்துக்கொண்டார். 1899 யூனில் முதற் தீர்ப்பு நீக்கப்பட்டது. செப்டெம்பர் 9 ஆந் திகதி றென் நகரிற் கூடிய இராணுவ மன்று மீண்டும் குற்றவாளி என்றே தீர்த்தது. குடியரசுத் தலைவர் திரைபஸுக்கு மன்னிப்பு வழங்கிய நாள் 1899 செப்டெம்பர் 19. அதே நாளில் ஷூரர்-கெஸ்னர் நோயால் இறந்தார். நிரபராதி என்னும் நிறைதீர்ப்பு 1906 யூலை 12 ஆந் திகதியே வந்தது. மறுநாள், அவரைக் கைவிட்ட அதே செனற் சபை அவருக்குச் சிலை வைக்கத் தீர்மானித்தது. சபை அமைந்த லுக்சம்பூர்ப் பூங்காவில் 1908 முதல் அவர்தம் நினைவுத்தூண் நிற்கின்றது.

முதல் உலகப் போரின் முடிவில் அல்சாஸ் பிரான்சோடு சேர்ந்தது. 1920 இல் அந்நாட்டு மக்கள் தெரிந்த செனற்றர்கள் மீண்டும் அச்சபையில் அமர்ந்தனர். இடையே வாக்காளரற்றிருந்த காலத்தில், ஒரு மனிதர் தம் மண்ணுக்காகக் காத்துவைத்தது வெறும் ஆசனத்தையன்று. மண்ணைப் பறிகொடுத்தவர்க்கும் மனச்சான்று எஞ்சும் என்பதையும், அம்மனச்சான்றின் சார்பிலும் ஒருவர் சபையிலே பேசலாம் என்பதையும் அவர் வாழ்ந்து காட்டினார்.