சூரியப் புள்ளிகளும் சிலாஜிசமும்

வங்கித் தேர்வுகளுக்குப் படிக்கும் மாணவர்கள் 'சிலாஜிசம்' என்னும் பகுதியை நன்கு அறிவார்கள். எல்லா வங்கிகளும் கட்டடங்கள், எல்லாக் கட்டடங்களும் மலர்கள் என்று இரண்டு கூற்றுகள் தரப்படும். அப்படியானால் எல்லா வங்கிகளும் மலர்கள் என்ற முடிவு சரியா? சரியே. கூற்றுகள் உலக நடப்புக்கு முரணாக இருந்தாலும் அவற்றை உண்மையெனக் கொள்ள வேண்டும் என்று வினாத்தாளே அறிவுறுத்திவிடுகிறது.

இதற்கு மாணவர்கள் வட்டங்கள் வரைகிறார்கள். அந்த வட்டங்களை 1880-இல் முன்வைத்த ஜான் வென்னைப் பலரும் அறிவர். அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே இந்த வேலையை ஓர் இயந்திரத்திடம் ஒப்படைத்தவர் ஒரு பொருளியலாளர். இறுதிநிலைப் பயன்பாட்டுக் கோட்பாட்டை நடத்தும்போது வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸின் பெயரை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். அவருடைய இயந்திரத்துக்குப் பாடத்திட்டத்தில் இடமிருந்ததில்லை.

ஜெவன்ஸ் 1835-இல் லிவர்பூலில் பிறந்தார். தந்தை இரும்பு வணிகர். 1848-இல் அவருடைய நிறுவனம் நொடித்துப்போனது. வேதியியல் படித்துக்கொண்டிருந்த மகன், படிப்பை இடையில் விட்டுவிட்டு, 1854-இல் சிட்னி நாணயச் சாலைக்குத் தங்கத்தின் தரம் பார்க்கும் பணிக்குச் சென்றார். ஐந்தாண்டுகளுக்குப் பின் தாயகம் திரும்பிப் படிப்பை முடித்தார். 1866-இல் மான்செஸ்டரின் ஓவன்ஸ் கல்லூரியில் தருக்கவியலுக்கும் பொருளியலுக்கும் ஒருசேரப் பேராசிரியரானார். இன்று இவ்விரு துறைகளையும் ஒருவரிடம் எந்தக் கல்லூரியும் ஒப்படைக்காது.

அவருடைய இயந்திரம் சிறிய பியானோ போல இருக்கும். 21 விசைகள் கொண்டது. 1870-இல் லண்டன் ராயல் சொசைட்டியில் அதை இயக்கிக் காட்டினார். அது செயல்படும் முறை எளிது. நான்கு பெயர்கள் இருந்தால், ஒவ்வொன்றும் உண்டு அல்லது இல்லை என்ற கணக்கில் 16 சேர்க்கைகள் அமையும். ஒரு கூற்றை விசைகளில் அழுத்தினால் அதற்கு முரணான சேர்க்கைகள் மறைந்துவிடும், எஞ்சியவையே விடை. நம் வினாவில் பெயர்கள் மூன்று, சேர்க்கைகள் எட்டு. வங்கியாக இருந்தும் கட்டடமாக இல்லாதவை இரண்டு, அவற்றை நீக்குங்கள். கட்டடமாக இருந்தும் மலராக இல்லாதவை இரண்டு, அவற்றையும் நீக்குங்கள். மிஞ்சும் நான்கில் வங்கி இடம்பெறுவது ஒன்றில்தான். அது மலராகவும் இருக்கிறது. வட்டம் வரையத் தடுமாறும் மாணவர்களுக்கு இம்முறையை நான் பரிந்துரைப்பதுண்டு.

ஆனால் அந்த இயந்திரம் கூற்றுகளைச் சோதிக்காது. ஜெவன்ஸின் பெருமையும் சறுக்கலும் இந்த இடத்தில்தான் இருக்கின்றன. 1865-இல் பிரிட்டனின் நிலக்கரி பற்றி அவர் எழுதிய நூல் அவருக்குப் பெரும்புகழ் தந்தது. நுகர்வு ஆண்டுக்கு மூன்றரை விழுக்காடு பெருகினால் 1961-இல் 260 கோடி டன் தேவைப்படும். அவ்வளவு தோண்டியெடுக்க இயலாது. எனவே பிரிட்டனின் வளர்ச்சி நின்றே தீரும். தருக்கத்தில் ஓட்டை இல்லை. நிலக்கரிக்கு மாற்று வராது என்ற கூற்றுதான் பொய்த்தது. பெட்ரோலியத்தை எண்ணிப் பார்த்தும் ஒதுக்கிவிட்டார். 1961-இல் பிரிட்டன் எரித்த நிலக்கரி அவர் கணக்கில் பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. சிக்கனமான எந்திரங்கள் வந்தால் நிலக்கரிச் செலவு குறையாமல் கூடும் என்று அதே நூலில் அவர் கண்டது மட்டும் இன்றும் விவாதிக்கப்படுகிறது.

அடுத்தது நம்மைத் தொடும் கதை. இங்கிலாந்தின் வணிக நெருக்கடிகள் ஏறத்தாழப் பத்தரை ஆண்டுக்கு ஒருமுறை வருவதாக ஜெவன்ஸ் கணித்தார். சூரியப் புள்ளிகளின் சுழற்சியும் ஏறத்தாழ அதே கால அளவு. சூரியன் மாறினால் மழை மாறும்; மழை மாறினால் இந்தியாவின் விளைச்சல் குறையும்; விளைச்சல் குறைந்தால் இந்தியர்கள் லங்காஷையர் துணியை வாங்க மாட்டார்கள்; அங்கே ஆலைகள் முடங்கும். ஒவ்வொரு கண்ணியும் அடுத்ததைச் சரியாகவே பற்றியிருக்கிறது. அவர் இதை எழுதிய ஆண்டுகளில்தான் சென்னை மாகாணத்தைத் தாது வருடப் பஞ்சம் சூறையாடியது. இந்தியாவில் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதே ஆண்டுகளில் இந்தியாவிலிருந்து தானியம் ஏற்றுமதியாகிக்கொண்டும் இருந்தது. ஆட்சிக் கொள்கை இடம்பெறாத அந்தச் சங்கிலியில் பசி என்பது சூரியனின் விளைவாக மட்டுமே நின்றது. இவ்வளவு நுட்பமான மனிதர் இதைக் காணத் தவறியது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

நாளை கடன் விண்ணப்பத்தைக் கையில் வாங்கும் வங்கி அலுவலரை நாம் இந்தத் தேர்வின் மூலமே தேர்ந்தெடுக்கிறோம். கொடுத்த கூற்றிலிருந்து வழுவாமல் முடிவுக்கு வரும் திறனை அது அளக்கிறது, தேவையான திறன்தான். கூற்று மெய்யா என்று கேட்கும் திறனுக்கு வினாத்தாளின் அந்தப் பகுதியில் மதிப்பெண் இல்லை. கேட்பவருக்கு நேரம்தான் வீணாகும்.

ஜெவன்ஸ் 1882 ஆகஸ்டில் ஹேஸ்டிங்ஸ் அருகே கடலில் நீந்தச் சென்று மூழ்கி இறந்தார், வயது 46. அவருடைய மகன் ஹெர்பர்ட் ஸ்டான்லி ஜெவன்ஸ் பின்னாளில் இந்தியாவுக்கு வந்து, அலகாபாத் பல்கலைக்கழகத்தில் பொருளியல் பேராசிரியராகப் பணியாற்றினார். தந்தையின் பியானோ ஆக்ஸ்ஃபோர்டின் அறிவியல் வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.