நானோசெகண்டைக் கம்பியில் காட்டிய கிரேஸ் ஹாப்பர்!

சரவணம்பட்டி ஐடி கம்பெனியிலோ, பீளமேடு காலேஜ் லேப்பிலோ உட்கார்ந்து கோட் எழுதுறீங்க. 'ரன்' தட்டினதும் ஓடுது. நடுவுல நீங்க எழுதினதை மெஷினுக்குப் புரியுற எண்களா மாத்துற கம்பைலரை என்னிக்காவது நினைச்சிருக்கீங்களா? அந்த வேலையைக் கம்ப்யூட்டரே செய்யட்டும் என்று பிடிவாதம் பிடித்தவர் கிரேஸ் ஹாப்பர்.

1906-ல் நியூயார்க்கில் பிறந்தவர். ஏழு வயசுலயே வீட்டு அலாரம் கடிகாரங்களைக் கழற்றிப் போட்ட வாலு. 1934-ல் யேல் பல்கலைக்கழகத்தில் கணித டாக்டர் பட்டம், வாசர் கல்லூரியில் ஆசிரியர் வேலை. இரண்டாம் உலகப்போரில் கடற்படைக்குப் போனார். எடை போதவில்லை, விலக்கு வாங்கிச் சேர்ந்தார். 1944-ல் ஹார்வர்டின் மார்க் 1 கணினியில் போட்டார்கள்.

அப்போ, முன்னாடி சரியா ஓடின பகுதிகளை நோட்டுல இருந்து பார்த்துப் பார்த்து எழுதணும். நினைவக முகவரி எண்களைக் கையாலயே கூட்டி மாத்தணும். எழுதுறவங்க கணிதம் படிச்சவங்கதான், ஆனா கூட்டல்லயும் தப்பு, காப்பி எடுக்கிறதுலயும் தப்பு! இதற்காகவே யுனிவாக் கணினிக்கு 1952-ல் ஏ-0 கம்பைலரை ஓட்டிக் காட்டினார். இன்றைய கம்பைலர் முன்னால் அது பொடிசு. எண்ணைச் சொன்னால் டேப்பிலிருந்து அந்தப் பகுதியை எடுத்துக் கோக்கும், அவ்வளவுதான். அதையே பலர் நம்பவில்லை. கணினி கணக்கு மட்டும்தான் போடும் என்றார்கள்.

இன்னொரு தயக்கம் நியாயமானது. மெஷின் தயாரிக்கிற கோட், ஆள் எழுதுறதைவிட மெதுவா ஓடுமே? கணினி நேரம் அப்போ தங்க விலை. இந்தப் பயத்தைப் போக்கியது 1957-ல் ஐபிஎம்மின் ஜான் பேக்கஸ் குழு கொண்டுவந்த ஃபோர்ட்ரான் கம்பைலர். 'ஆப்டிமைசேஷன்'னா பெரிய மந்திரமெல்லாம் இல்லீங்க. நம்ம ஊர் பேக்கரில டீ மாஸ்டர் ஒவ்வொரு கிளாசுக்கும் தனியா பால் காய்ச்சுவாரா? லூப்புக்குள்ள மாறாம திரும்பத் திரும்ப வர்ற கணக்கை வெளிய எடுத்து ஒரே தடவை போடுறதும் அப்படித்தான்.

ஹாப்பரின் ஃப்ளோ-மேட்டிக்கை ஒட்டி 1959-ல் கோபால் மொழி உருவாகத் தொடங்கியது. 1986-ல், 79 வயதில் ரியர் அட்மிரலாக ஓய்வு. 1992 புத்தாண்டன்று மறைவு.

ஒரு நானோசெகண்டில் ஒளி போகிற தூரம் சுமார் 30 செ.மீ. அந்த நீளத்துக்குக் கம்பி வெட்டி, பேசப் போன இடமெல்லாம் கொடுத்தார். செயற்கைக்கோள் வழியா பேச ஏன் இவ்வளவு நேரம்னு கேட்ட அட்மிரல்களுக்கும் அதே கம்பிதான். மைக்ரோசெகண்டுக்கு? சுமார் 300 மீட்டர் சுருள். அதை ஒவ்வொரு புரோகிராமர் மேஜைக்கு மேலேயும் தொங்கவிடணும்ங்கிறது அவர் ஆசை.