பதுங்குகுழியிலிருந்து பார்சுவநாதர் வரை: ஹைன்ரிக் சிம்மர்

கம்பம் பள்ளத்தாக்கில் உத்தமபாளையத்தை அடுத்து, கருப்பணசாமி கோயிலை ஒட்டிய பாறையில் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டிருப்பதைத் தமிழ்ச் சமணர் பலரும் அறிவர். அங்கே வட்டெழுத்தில் பொறித்த பெயர்களுள் அச்சணந்தி அடிகளின் பெயரும் உண்டு. ஆனைமலை, அழகர்மலை, ஐவர்மலை என்று பாண்டி நாட்டு மலைகள் பலவற்றில் காணப்படும் அப்பெயர், மேற்கு மலையின் அடிவாரம் வரை எட்டியிருக்கிறது. நாகம் படம் விரித்துக் குடை பிடிக்க நிற்கும் பார்சுவநாதரை அப்பாறையில் தரிசிக்கலாம். சமணக் குடியிருப்பு அப்பகுதியிலிருந்து மறைந்த பின்னரும், ஊர் மக்கள் கருப்பணசாமிக்கு ஏற்றும் விளக்கின் ஒளி அத்திருமேனிகளின் மீதும் பட்டுக்கொண்டே இருக்கிறது.

அதே பார்சுவநாதரின் வரலாற்றை 1940-களின் தொடக்கத்தில் நியூயார்க் நகரில், ஆங்கிலத்தில் வகுப்பெடுத்தவர் ஒரு ஜெர்மானியர். முதல் உலகப் போரில் போர்வீரராகப் பணியாற்றியவர். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது நாடிழந்து நின்றவர். இந்திய மண்ணில் அவர் ஒரு நாளும் காலடி வைத்ததில்லை. ஹைன்ரிக் சிம்மர் என்பது அவர் பெயர்.

சிம்மர் 1890 டிசம்பர் 6 அன்று, ஜெர்மனியின் வடகோடியிலுள்ள கிரைஃப்ஸ்வால்ட் என்னும் பல்கலைக்கழக நகரில் பிறந்தார். தந்தையின் பெயரும் ஹைன்ரிக் சிம்மர்தான். அவர் வேதகால மக்களின் வாழ்க்கை முறையைப் பற்றி நூல் எழுதிய வடமொழிப் பேராசிரியர். பின்னர்க் கெல்டிக் மொழி ஆய்வில் பெரும்புகழ் பெற்றுப் பெர்லினுக்கு அழைக்கப்பட்டார். 1910-இல் அவர் மறைந்தபோது மகனுக்கு இருபது வயதுகூட நிறையவில்லை. மகன் பெர்லினில் ஹைன்ரிக் லூடர்ஸ் என்னும் பேரறிஞரிடம் வடமொழி பயின்றார். லூடர்ஸ் கல்வெட்டு, ஏடு, பாடபேதம் ஆகியவற்றில் எழுத்தெழுத்தாகத் துருவி ஆராயும் ஆசிரியர். அந்தப் பயிற்சி சிம்மருக்குப் பின்னாளில் பயன்பட்டது. ஆனால் மனத்துக்கு நிறைவளிக்கவில்லை. ஏடுகளை அளந்து பார்ப்பவர்கள் அவற்றுள் இருக்கும் உயிரைப் பார்ப்பதில்லை என்னும் குறை அவரிடம் கடைசிவரை இருந்தது.

பட்டம் பெற்று வெளிவந்த வேளையில் 1914-ஆம் ஆண்டின் போர் மூண்டது. 1918 வரை நான்கு ஆண்டுகள் சிம்மர் படையில் இருந்தார். பதுங்குகுழிப் போர் எத்தகையது என்பதை இன்று நூல்களில் படித்தே அறிகிறோம். சேறும் எலியும் நச்சுக் காற்றும் சூழ்ந்த நீண்ட பள்ளங்களில், சில நூறு கஜ நிலத்துக்காக இலட்சக்கணக்கான இளைஞர் மாண்டனர். அங்கிருந்து உயிரோடு திரும்பிய ஜெர்மானியருள் சிலர் போரைப் பற்றியே எழுதிப் புகழடைந்தனர். எரிக் மரியா ரெமார்க் போரின் கொடுமையை எழுதினார். ஏர்ன்ஸ்ட் யுங்கர் அதன் வீரத்தை எழுதினார். சிம்மர் இவ்விரண்டையும் செய்யவில்லை. பழைய ஏடுகளுக்கே திரும்பினார். ஆனால் திரும்பியவர் பழைய மாணவர் அல்லர். ஒரு நூல் மனிதனுடைய வாழ்வுக்கும் சாவுக்கும் விடை சொல்கிறதா என்று கேட்கத் தொடங்கியிருந்தார். பல்கலைக்கழகங்களில் அன்று கேட்கத் தகாத கேள்வியாக அது கருதப்பட்டது.

1920-களில் ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் பேராசிரியரானார். கல்கத்தா உயர்நீதிமன்ற நீதிபதி சர் ஜான் உட்ராஃப் வெளியிட்ட தாந்திரிக நூல்கள் அவருக்குப் புதிய வழியைக் காட்டின. அதன் பயனாக 1926-இல், இந்தியத் திருவுருவங்களையும் யோகத்தையும் இணைத்து ஆராயும் நூலை வெளியிட்டார். கிரேக்கச் சிலைகளை அளவுகோலாகக் கொண்டு நம் திருமேனிகளைக் குறை சொல்வது ஐரோப்பியரின் வழக்கமாக இருந்தது. திருமேனி என்பது கண்ணுக்கு விருந்தாகச் செய்த பொருளன்று, மனத்தை ஒருமுகப்படுத்தும் கருவி என்று சிம்மர் விளக்கினார். எந்த ஜினாலயத்திலும் நாள்தோறும் நிகழும் ஒன்றைத்தான் அவர் ஜெர்மன் மொழியில் சொன்னார் எனலாம். ஆயினும் அதைச் சொல்ல அந்நாட்டில் அப்போது துணிவு வேண்டியிருந்தது.

1929-இல் அவர் வெளியிட்ட நூல் யானைகளைப் பற்றியது. நீலகண்டர் இயற்றிய மாதங்கலீலை என்னும் யானைநூலை, 1910-இல் திருவனந்தபுரத்தில் கணபதி சாஸ்திரியார் அச்சேற்றியிருந்தார். கம்பத்திலிருந்து குமுளி மலைப்பாதை ஏறி மேற்கே இறங்கினால் வரும் நாட்டில் வழங்கிய நூல் அது. அதை எடுத்து, யானை வாழாத நாட்டு மக்களும் சுவைக்குமாறு தம் மொழியில் தந்தார். யானையின் மீதான இந்தப் பற்று பின்னர்ப் பார்சுவநாதர் வரலாற்றில் வேறொரு வடிவில் வெளிப்பட்டது.

1928-இல் ஆஸ்திரியக் கவிஞர் ஹூகோ ஃபான் ஹோஃப்மன்ஸ்தாலின் மகள் கிறிஸ்டியானேயை மணந்தார். அம்மையார் யூத மரபினர். 1933-இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்த பின்னும் ஐந்தாண்டுகள் சிம்மர் ஹைடல்பெர்க்கிலேயே இருந்து பாடம் சொன்னார். 1938-இல் மனைவியின் குலத்தைக் காரணம் காட்டி அவரைப் பதவியிலிருந்து நீக்கினார்கள். அந்நாட்டுக்காக நான்கு ஆண்டுகள் போர்முனையில் நின்றவர் என்பது கணக்கில் வரவில்லை. 1939-இல் குடும்பத்தோடு இங்கிலாந்து சென்று ஆக்ஸ்ஃபோர்டில் தங்கினார். 1940-இல் அமெரிக்கா சென்றார். அங்கே நிலையான பதவி எதுவும் காத்திருக்கவில்லை. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வருகைதரு விரிவுரையாளராக அவர் வகுப்பெடுத்தபோது, கேட்க வந்தவர்களின் தொகை சிறியது. அவர்களுள் ஜோசப் கேம்பெல் என்னும் இளம் பேராசிரியர் ஒருவர்.

அவ்வுரைகளின் குறிப்புகளிலிருந்து உருவானதே இந்தியத் தத்துவங்கள் பற்றிய அவருடைய பெருநூல். அதில் சமணத்தை ஒரு மூலையில் வைக்காமல் தனி இயலாக விரித்து, அவ்வியலைப் பார்சுவநாதர் வரலாற்றோடு தொடங்குகிறார். மருபூதியும் கமடனும் உடன்பிறந்தார். அண்ணனாகிய கமடன் தம்பியைக் கல்லால் அடித்துக் கொல்கிறான். தம்பி காட்டில் வச்சிரகோடம் என்னும் யானையாகப் பிறந்து, மதங்கொண்டு அலைந்து, அரவிந்த முனிவரைக் கண்டதும் அடங்கி விரதம் ஏற்கிறான். பாம்பாகப் பிறந்த கமடன் அந்த யானையைக் கடித்துக் கொல்கிறான். பிறவிதோறும் பகை தொடர்கிறது. ஒருவன் கொல்கிறான், மற்றவன் திருப்பி அடிப்பதில்லை. இறுதிப் பிறவியில் தவத்தில் நிற்கும் பார்சுவநாதர் மீது பகைவன் கல்லும் மழையும் பொழிகிறான். தரணேந்திரன் படம் விரித்துக் காக்கிறான். சீபுராணம் ஓதக் கேட்ட குடும்பங்களுக்கு இக்கதை புதிதன்று. ஆனால் பதுங்குகுழியில் நான்கு ஆண்டுகள் இருந்த ஒருவர், உலகம் மீண்டும் தீப்பற்றி எரிந்த நாட்களில், பகைக்குப் பகை செய்யாமையே கடைசியில் வெல்லும் வலிமை என்னும் கதையை எடுத்துச் சொன்னார் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். அதை அவர் நீதிக்கதையாகச் சொல்லவில்லை. வினைக்கட்டு எவ்வாறு வளர்கிறது, எவ்வாறு அறுகிறது என்பதன் விளக்கமாகவே சொன்னார்.

தீர்த்தங்கரர் திருமேனிகள் இலாஞ்சனத்தைத் தவிர வேறுபாடு அதிகமின்றி ஒன்றுபோலவே இருப்பதற்கும் அவர் கூறிய விளக்கம் ஆழமானது. முகவேறுபாடு, குணவேறுபாடு என்று நாம் பெருமைப்படுபவை எல்லாம் வினை தந்த முகமூடிகள்; வினை முற்றும் உதிர்ந்தபின் முகமூடிக்கு இடமேது? சிற்பியின் கற்பனை வறண்டதால் அவ்வுருவங்கள் ஒத்திருக்கவில்லை. காட்ட வேண்டிய உண்மையே அதுதான். உயிரில் படியும் வினையை ஆறு நிறங்களாகக் கூறும் இலேசியைக் கோட்பாட்டையும், உலகை ஒரு பேருருவமாகக் காணும் கருத்தையும் அவர் விரிவாகவே எடுத்துரைக்கிறார்.

அவர் செய்த உதவிகளுள் பெரியது ஒரு சொல். சமணர் கடவுளை மறுப்பவர், ஆகவே நாத்திகர் என்னும் பழி நெடுங்காலமாக இருந்துவருகிறது. சிம்மர் இதை ஏற்கவில்லை. சமணத்தில் தேவர்கள் உண்டு. ஆனால் அவர்களும் பிறவிச் சுழலுக்கு உட்பட்டவர்களே. அருகன் அவர்களையும் கடந்து நிற்பவன். ஆதலின் இது கடவுள் மறுப்பு நெறியன்று, கடவுளரைக் கடந்த நெறி என்று கூறி, அதற்கென்று ஒரு புதிய சொல்லையும் ஆண்டார். அச்சொல் சமய ஆய்வில் இன்றும் வழங்குகிறது.

சமணம், சாங்கியம், யோகம் ஆகியவை ஆரியர் வருகைக்கு முந்திய, திராவிட மக்களின் அறிவுச் செல்வத்திலிருந்து வளர்ந்தவை என்பதும் அவர் கொள்கை. தமிழ்ச் சமணருக்கு இனிக்கும் செய்திதான். ஆயினும் நிதானம் வேண்டும். சிந்துவெளியில் அவர் கண்ட சான்றுகள் உறுதியானவை அல்ல. அறிஞர் பலர் இக்கொள்கையை ஏற்கவில்லை. பௌத்தத்துக்கு முன்பே சமணம் தனித்து நிலவியது என்பதை 19-ஆம் நூற்றாண்டிலேயே ஹெர்மன் யாக்கோபி மூலநூல்களைக் கொண்டு நிறுவிவிட்டார். அந்த அடிப்படையே போதும். ஆரியப் பெருமை பேசியவர்களால் துரத்தப்பட்ட ஒருவர், இந்தியாவின் உயர்ந்த துறவுநெறி ஆரியருடையது அன்று என்று வகுப்பில் நின்று சொன்னதில் ஒரு வரலாற்று நியாயம் இருக்கிறது. நியாயம் வேறு, சான்று வேறு.

மற்றொரு குறையும் உண்டு. துறவியின் சமணத்தையே அவர் பெரிதும் கண்டார். இயற்கைக்கு எதிராக மனிதன் நிகழ்த்தும் போராட்டமாகவே அது அவர் எழுத்தில் தோன்றுகிறது. நெல் விளைத்து, அணுவிரதம் காத்து, இரவுணவு நீக்கி வாழும் இல்லறத்தாரின் சமணம் அங்கே மங்கலாகவே தெரிகிறது. நாலடியார் பிறந்த மண்ணை நேரில் காணாதவரிடம் அதை எதிர்பார்ப்பதும் முறையன்று.

தமிழ்நாட்டோடு அவருக்கு வேறொரு தொடர்பு இருந்தது. திருவண்ணாமலை இரமண மகரிஷியின் வாழ்க்கையையும் உபதேசங்களையும் ஜெர்மன் மொழியில் பெயர்த்து வைத்திருந்தார். அவருடைய நண்பரான உளவியல் அறிஞர் கார்ல் யுங் 1937-38-இல் இந்தியா வந்தும், சென்னை வரை சென்றும், மகரிஷியைக் காணாமலே திரும்பிவிட்டார். திரும்பியவரிடம் சிம்மர் முதலில் கேட்டது மகரிஷியைப் பற்றித்தானாம். காண முடிந்தவர் காணவில்லை. காண விழைந்தவருக்கு வாய்ப்பில்லை.

1943 மார்ச் 20 அன்று நிமோனியாக் காய்ச்சலால், நியூயார்க்கை அடுத்த நியூ ரோஷெல் என்னும் ஊரில் சிம்மர் காலமானார். வயது 52. இரமணர் நூலை 1944-இல் சூரிச் நகரில் யுங் பதிப்பித்தார். கையெழுத்துக் குறிப்புகளாகக் கிடந்த மற்றவற்றைக் கேம்பெல் ஏற்றுக்கொண்டு, குறையான இடங்களை நிரப்பி, ஒன்றன்பின் ஒன்றாக வெளியிட்டார். இந்தியக் கலையின் கதைகளும் குறியீடுகளும் பற்றிய நூல் 1946-இலும், பார்சுவநாதர் வரலாறு அடங்கிய தத்துவநூல் 1951-இலும், ஆசியக் கலை பற்றிய இரு பெருந்தொகுதிகள் 1955-இலும் வெளிவந்தன. ஆசிரியர் சொல்லி முடித்ததை அச்சுக்குக் கொண்டுவர மாணவருக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் பிடித்தன.