வாசல் தேடிச் சென்ற பதிவேடு



போர்களைப் பற்றி நாம் நிறையக் கேட்டிருக்கிறோம். பத்ரு, உஹது, கந்தக், முஃதா என்னும் பெயர்களைச் சிறுவயதிலேயே மனனம் செய்திருக்கிறோம். களத்தில் வென்றவர் யார், ஷஹீதானவர் யார் என்பதும் ஓரளவு அறிவோம். ஆனால், கையை இழந்தும் காலை இழந்தும் உயிரோடு வீடு திரும்பியவர்கள் அதன் பின் எவ்வாறு வாழ்ந்தார்கள் என்பதை எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? வாளேந்திய கை போன பிறகு அவர்களுக்கு உணவளித்தது யார்? தம் நிலையை அவர்கள் யாரிடம் போய்ச் சொன்னார்கள்?

இவ்வினாக்களுக்கு விடை தேடுவோமாயின், நாம் சென்று சேருமிடம் இரண்டாம் கலீஃபா ஹஜ்ரத் உமர் பின் கத்தாப் (ரலி) அவர்களின் வாழ்க்கையே ஆகும்.

உமர் (ரலி) அவர்கள் குறைஷியரில் பனூ அதீ கிளையில் தோன்றியவர்கள். இளமையில் தம் தந்தை கத்தாபின் ஒட்டகங்களை மக்காவுக்கு அண்மையிலுள்ள ளஜ்னான் என்னுமிடத்தில் மேய்த்தார்கள். தந்தை கடுமையானவர், வேலையும் கடுமையானது. கலீஃபாவான பின்னரும் அவ்வழியே செல்ல நேர்ந்தபோது அந்நாட்களை அவர்கள் நினைவுகூர்ந்ததுண்டு. எழுதப் படிக்கத் தெரிந்தவர் அரிதாயிருந்த காலம் அது. இஸ்லாம் தோன்றியபோது குறைஷியருள் எழுதத் தெரிந்தவர் பதினேழு பேரே என வரலாற்றாசிரியர் பலாதுரீ குறிப்பிடுகின்றார். அவர்களுள் ஒருவர் உமர். இச்சிறு செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எழுத்தின் பயன் அறிந்த ஒருவரிடமே பிற்காலத்தில் ஆட்சி வந்தது.

அவர்கள் இஸ்லாத்தைத் தழுவிய வரலாறும், ஹிஜ்ரத்தும், நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அருகிருந்து களம் கண்டதும் நீங்கள் அறிந்தவையே. ஹிஜ்ரி 13-இல் (கி.பி. 634) அபூபக்ர் சித்தீக் (ரலி) அவர்களுக்குப் பின் கலீஃபா பொறுப்பை ஏற்றார்கள். அடுத்த சில ஆண்டுகளில் சிரியா, ஈராக், எகிப்து ஆகிய நாடுகள் ஒன்றன்பின் ஒன்றாக முஸ்லிம்களின் ஆட்சிக்குள் வந்தன. மதீனாவுக்குள் செல்வம் வந்து குவியலாயிற்று. ஒருமுறை அபூஹுரைரா (ரலி) அவர்கள் பஹ்ரைனிலிருந்து 5 லட்சம் திர்ஹம் கொண்டுவந்திருப்பதாகக் கூறியபோது, கலீஃபா அவர்களால் அதை உடனே நம்ப முடியவில்லை. களைப்பில் ஏதோ சொல்கிறார் எனக் கருதி, போய் உறங்கிவிட்டு மறுநாள் வருமாறு பணித்தார்கள். மறுநாளும் அவர் அதே தொகையையே கூறினார்!

இப்பெரும் பணத்தை என்ன செய்வது? தோழர்களைக் கூட்டி ஆலோசித்தார்கள். ஆண்டுதோறும் முழுவதையும் பகிர்ந்துவிடலாம் என்பது அலீ (ரலி) அவர்களின் கருத்து. பெற்றவர் யார், பெறாதவர் யார் என்று எழுதி வைக்காவிடில் குழப்பம் விளையும் என உஸ்மான் (ரலி) அவர்கள் எச்சரித்தார்கள். சிரியாவின் அரசர்கள் பதிவேடு வைத்துப் படைகளைப் பேணுவதைத் தாம் கண்டதாக வேறொருவர் எடுத்துரைத்தார். அது கலீஃபாவுக்குப் பிடித்துப்போயிற்று. பிறர் நாட்டு வழக்கம் என்பதற்காக அவர்கள் அதை ஒதுக்கவில்லை என்பதையும் இங்கே கவனிக்கவேண்டும்.

இவ்வாறு பிறந்ததே திவான் எனப்படும் பதிவேடு. ஹிஜ்ரி 20-இல் (கி.பி. 641) இது நிகழ்ந்தது என்பர், ஹிஜ்ரி 15 என்று கூறுவோரும் உளர். வமிசாவளியில் தேர்ந்த அகீல், மக்ரமா, ஜுபைர் பின் முத்இம் ஆகிய மூவரிடம் எழுதும் பணி ஒப்படைக்கப்பட்டது. அவர்கள் பெருமானாரின் குடும்பத்தை முதலிலும், அபூபக்ரின் குலத்தை அடுத்தும், ஆளும் கலீஃபாவின் குலத்தை அதற்கடுத்தும் எழுதிக்கொண்டு வந்தார்கள். உமர் (ரலி) அவர்கள் அவ்வரிசையை மாற்றச் செய்தார்கள். பெருமானாருக்கு உறவில் யார் நெருக்கமோ அவரிலிருந்து தொடங்கி, தம் குலத்தை அது இயல்பாக வரும் இடத்தில் எழுதுமாறு பணித்தார்கள். பனூ அதீயினர் வந்து முறையிட்டும் பயனில்லை.

தொகைகள் குறித்து அறிவிப்புகளில் சிறு வேறுபாடுகள் உண்டு. பத்ருப் போரில் பங்குகொண்டவர்களுக்கு ஆண்டுக்கு 5,000 திர்ஹம் என்பது ஸஹீஹுல் புகாரியில் வருவது. பிந்திய போர்களில் ஈடுபட்டோருக்குப் படிப்படியாகக் குறைவு. முஃதாவில் ஷஹீதான தளபதி ஜைத் பின் ஹாரிஸா (ரலி) அவர்களின் மகன் உஸாமாவுக்கு, கலீஃபா தம் சொந்த மகன் அப்துல்லாஹ்வைவிட 500 திர்ஹம் கூடுதலாக நிர்ணயித்தார்கள். மகன் காரணம் கேட்டார். உஸாமாவும் அவர் தந்தையும் பெருமானாரின் அன்புக்கு மிகவும் உரியவர்களாயிருந்ததே காரணம் எனத் தந்தை விளக்கினார்கள்.

முஃதா என்றதும் இன்னொரு நிகழ்ச்சியைச் சொல்லியாகவேண்டும். ஹிஜ்ரி 8-இல் (கி.பி. 629) 3,000 முஸ்லிம்கள் ரோமானியரின் பெரும்படையை அங்கே எதிர்த்து நின்றார்கள். தளபதிகள் மூவர் அடுத்தடுத்து வீழ்ந்தனர். அக்களத்திலிருந்து திரும்பியவர்களுள் வரலாறு பெயர் குறிக்காத ஒருவர் இருந்தார். பல ஆண்டுகளுக்குப் பின், மதீனாவில் பொதுமக்களுக்கு உணவு பரிமாறப்பட்ட ஒரு நாளில், கையில் கோலுடன் பந்தியை மேற்பார்வையிட்டுக்கொண்டிருந்த கலீஃபா அவர்கள், அவர் இடக்கையால் உண்பதைக் கண்டார்கள். வலக்கையால் உண்ணுமாறு கூறினார்கள். அக்கை வேலையாயிருப்பதாக அவர் பதிலுரைத்தார். மீண்டும் கூறியபோதும் அதே பதில். அப்படி என்ன வேலை என்று வினவியபோதுதான், அக்கை முஃதா நாளில் வெட்டுண்டு போன செய்தி வெளிவந்தது.

கலீஃபா அவர்கள் அவரருகில் அமர்ந்து அழுதார்கள். பின்னர், அவருக்கு உளூச் செய்விப்பவர் யார், தலையைக் கழுவிவிடுபவர் யார், துணியைத் துவைத்துக் கொடுப்பவர் யார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். அவருக்கு ஒரு பணியாளும், ஏறிச் செல்ல ஓர் ஒட்டகமும், உணவும், ஏனைய தேவைகளும் வழங்க ஆணையிட்டார்கள்.

உங்கள் குடும்பத்தில் முன்னாள் படைவீரர் எவரேனும் இருப்பின், ஊன ஓய்வூதியம் பெறுவதற்கு எத்தனை படிகள் ஏறவேண்டும் என்பதை அறிந்திருப்பீர்கள். மருத்துவக் குழு கூடும். ஊனம் நூற்றுக்கு எத்தனை பங்கு எனக் கணக்கிடும். அது படைப் பணியால் விளைந்ததா, அப்பணியால் மிகுந்ததா என ஆராயும். தாள் ஒன்று குறைந்தாலும் விண்ணப்பம் திரும்பி வரும். இவையெல்லாம் வேண்டாதவை எனக் கூற நாம் முன்வரவில்லை. பொதுப்பணத்துக்குக் கணக்கு வேண்டும். பைத்துல் மால் கணக்கில் உமரைவிடக் கண்டிப்பானவர் எவர்? எனினும் அவர்கள் கேட்ட கேள்விகளைப் பாருங்கள். போன கை எத்தனை பங்கு என அவர்கள் அளக்கவில்லை. அக்கை இல்லாததால் அன்றாடம் எந்தெந்த வேலை நின்றுபோகிறது என்பதையே கேட்டார்கள். இன்னொன்று: அம்மனிதர் வாய் திறந்து எதையும் கேட்கவில்லை. தம் ஊனத்தையே மறைத்தார். மானமுள்ள வீரர்கள் பலர் இன்றும் அப்படித்தான் இருக்கின்றனர்.

போருக்குச் சென்றவரின் குடும்பத்தையும் அவர்கள் மறந்தார்களில்லை. கடைத்தெருவில் இளம்பெண் ஒருத்தி அவர்களை வழிமறித்தாள். கணவன் இறந்துவிட்டதையும், சின்னஞ்சிறு குழந்தைகளுக்குச் சமைத்துக் கொடுக்க ஓர் ஆட்டுக்கால் கூட இல்லாததையும் கூறி, தான் குஃபாஃப் பின் ஈமாவின் மகள் என்றும், தன் தந்தை ஹுதைபிய்யாவில் பெருமானாருடன் இருந்தவர் என்றும் தெரிவித்தாள். கலீஃபா நடையை நிறுத்தி அவளுடன் நின்றார்கள். வலிமையான ஓர் ஒட்டகத்தின் மீது உணவு நிறைந்த இரு மூட்டைகளை ஏற்றி, இடையே பணமும் துணிகளும் வைத்து, கயிற்றை அவள் கையிலேயே கொடுத்தார்கள். அது அதிகம் என்று ஒருவர் முணுமுணுத்தார். அவளுடைய தந்தையும் சகோதரனும் நெடுநாள் முற்றுகையிட்டு ஒரு கோட்டையை வென்றதைத் தாம் கண்டிருப்பதாகவும், அதன் பங்கை மற்றவர்கள் இன்று அனுபவிப்பதாகவும் கூறி அவரைக் கடிந்துகொண்டார்கள்.

பெண்டிரின் போர்ப்பணியும் அவர்கள் நினைவில் இருந்தது. மதீனாப் பெண்களுக்கு ஆடைகள் பங்கிட்டபோது நல்லதொன்று எஞ்சியது. கலீஃபாவின் துணைவியாரும் அலீ (ரலி) அவர்களின் மகளாருமான உம்மு குல்தூமுக்கு அதைக் கொடுக்கலாம் என்றனர் அருகிலிருந்தோர். உமர் (ரலி) அவர்களோ, உஹதுக் களத்தில் தோல்பைகளில் தண்ணீர் சுமந்து வந்த அன்ஸாரிப் பெண்மணி உம்மு ஸலீத்துக்கே அதில் முன்னுரிமை உண்டெனத் தீர்ப்பளித்தார்கள்.

சட்டத்தில் பிழை தெரிந்தால் அதைத் திருத்தவும் அவர்கள் தயங்கியதில்லை. பால் மறந்த குழந்தைகளுக்கே முதலில் உதவித்தொகை இருந்தது. அதைப் பெறுவதற்காகத் தாய் ஒருத்தி தன் சிசுவை முன்கூட்டியே பால் மறக்கச் செய்வதையும், அது இரவெல்லாம் அழுவதையும் ஊர்க்காவலின்போது கேட்டார்கள். அன்றைய ஸுப்ஹுத் தொழுகையில் அழுகையால் அவர்களது ஓதல் தெளிவாகக் கேட்கவில்லையாம். பிறந்த நாள் முதலே உதவி உண்டென ஊரெங்கும் அறிவிக்கச் செய்து, மாகாணங்களுக்கும் எழுதினார்கள்.

ஒரு காட்சி என் மனத்தைவிட்டு அகலுவதில்லை. குஸாஆ குலத்தின் பதிவேட்டைத் தாமே சுமந்துகொண்டு, மதீனாவுக்கும் மக்காவுக்கும் இடையிலுள்ள குதைத் என்னுமிடத்துக்கு கலீஃபா செல்வார்கள். அங்குள்ள பெண்கள், கன்னியராயினும் மணமானவராயினும், ஒருவர் விடாமல் வந்து பெற்றுக்கொள்வார்கள். ஒவ்வொருவர் கையிலும் தாமே தொகையை வைப்பார்கள். அங்கிருந்து உஸ்ஃபானுக்குச் சென்று அங்கும் அவ்வாறே செய்வார்கள். ரோமானியரையும் பாரசீகரையும் வென்ற படைகளின் தலைவர், கணக்கேட்டைச் சுமந்து பாலைவனத்தில் நடக்கிறார்! மதீனாவுக்கு வந்து வரிசையில் நிற்குமாறு அப்பெண்களுக்கு ஆளனுப்பியிருந்தால் யார் குறை கூறியிருப்பார்கள்? வாழ்நாள் இறுதிவரை இவ்வாறே செய்துவந்தார்கள்.

இதுவும் போதாதென்றே அவர்கள் கருதினார்கள். ஆயுள் நீடித்தால், ஸன்ஆ மலையில் ஆடு மேய்ப்பவனுக்கும் கேட்டு முகம் சிவக்காமல், இருந்த இடத்திலேயே அவனுடைய பங்கு போய்ச்சேரச் செய்ய விரும்பினார்கள். படித்தரங்களை நீக்கி அனைவருக்கும் சமமாக வழங்கும் எண்ணமும் இறுதிக் காலத்தில் எழுந்ததாக அறிவிப்பு உண்டு. மக்களின் தேவைகள் தம்மை வந்தடைவதில்லை, ஆளுநர்கள் சொல்வதில்லை, மக்களால் வரவும் முடிவதில்லை என்னும் கவலையால், ஓராண்டு முழுவதும் சுற்றுப்பயணம் செய்யத் திட்டமிட்டார்கள். சிரியா, ஜஸீரா, எகிப்து, பஹ்ரைன், கூஃபா, பஸ்ரா ஆகியவற்றில் இவ்விரண்டு மாதங்கள் தங்குவதாக ஏற்பாடு. ஈராக்கின் கைம்பெண்கள் தமக்குப் பின் எந்த ஆணின் தயவையும் நாடாத நிலையை உருவாக்கிவிடவேண்டுமென அவர்கள் கூறி நான்கு நாட்கள் கூட ஆகவில்லை.

ஹிஜ்ரி 23, துல்ஹஜ் மாத இறுதியில் (கி.பி. 644) ஸுப்ஹுத் தொழுகையில் அபூலுஃலுஆ என்பவனின் கத்திக்கு இலக்கானார்கள். படுக்கையில் கிடந்தவாறே தம் கடனைக் கணக்கிடுமாறு மகன் அப்துல்லாஹ்வைப் பணித்தார்கள். 86,000 திர்ஹம் அளவில் இருந்தது. உமரின் குடும்பச் சொத்திலிருந்து அதைச் செலுத்துமாறும், போதாவிடில் பனூ அதீயினரிடமும், அதற்கும் போதாவிடில் குறைஷியரிடமும் கேட்குமாறும், அவர்களைத் தாண்டி வேறெவரிடமும் செல்லலாகாது எனவும் மகனுக்குக் கட்டளையிட்டார்கள்.