மதுரைக்காலை ஆராய்ந்த கார்ட்டர்

(இரண்டாமாண்டு பி.எஸ்சி., விலங்கியல்)

ஒரு கால் மட்டும் வீங்கினால் எங்கள் கச்சிராயபாளையத்தில் உடனே யானைக்கால் என்று சொல்லிவிடுவார்கள். கல்வராயன் மலையடிவாரத்தில் செருப்பின்றி ஏர் பிடித்த என் தாத்தாவுக்கும் அப்படித்தான் சொன்னார்கள். என்றோ தைத்த முள்ளை அவரே மறந்திருந்தார். வலி இல்லை, ஆகையால் வைத்தியமும் இல்லை. பின்னர் வீக்கத்தில் துளைகள் விழுந்து சீழ் வடிந்தது. சீழில் கசகசா போன்ற கரும்மணிகள்! சரியான பெயர் தெரிந்தபோது எலும்பு அரித்திருந்தது, பாதத்தை எடுத்துவிட்டார்கள். அந்தப் பெயர் மதுரைக்கால். அதைத் தேடிப் படித்தபோதுதான் ஹென்றி வான்டைக் கார்ட்டர் எனக்கு அறிமுகமானார்.

1831-இல் இங்கிலாந்தின் ஹல் நகரில் ஓவியர் ஒருவரின் மகனாகப் பிறந்த கார்ட்டர், லண்டனில் மருத்துவம் பயின்றார். மருத்துவ மாணவர் அனைவரும் அறிந்த கிரேயின் உடற்கூற்று நூலுக்கு (1858) 360-க்கும் மேற்பட்ட படங்களை வரைந்தவர் இவரே. கிடைத்ததோ ஒரே தடவையாக 150 பவுன். விற்பனைப் பங்கு கிரேக்குச் சென்றது. முகப்பில் கார்ட்டரின் பெயரைச் சிறிய எழுத்தில் போடச் செய்தவரும் கிரேதான்! நூல் வெளிவருமுன்பே கார்ட்டர் பம்பாய்க்குக் கப்பலேறி, கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் ஆசிரியரானார்.

மதுரையில் டாக்டர் கில் 1842-இலேயே இந்நோயைக் குறித்திருந்தார். காரணம் மட்டும் புலப்படவில்லை. வெட்டியெடுத்த பாதங்களின் மணிகளைக் கார்ட்டர் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். 1860-இல் இது காளான் நோய் என்று எழுதி, மைசெட்டோமா என்று பெயரிட்டார். 1874-இல் தம் கைப்படங்களோடு தனி நூலே வெளியிட்டார்.

யானைக்கால் கொசு பரப்பும் புழுவால் வருவது. நிணநீர் தேங்கிக் கால் பருக்கும், மணிகள் வரா. மதுரைக்காலில் வலியற்ற வீக்கம், துளைகள், மணிகள் மூன்றும் சேர்ந்திருக்கும். கார்ட்டர் எல்லாவற்றையும் காளான் என்றே கருதினார். அது பாதி உண்மை. சிலவகை பாக்டீரியாக்களாலும் இது வருமென்று பின்னர் தெரிந்தது. கரும்மணி காளானுடையது, சிவப்பு மணி பாக்டீரியாவுடையது. வெண்மணி இரண்டில் எதுவாகவும் இருக்கலாம் என்பதால் சோதனை தேவை. பாக்டீரியா வகைக்கு மருந்து நன்கு கேட்கும். காளான் வகைக்கு மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் மாத்திரை. சிலருக்கு அறுவையும் வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2016-இல்தான் இதைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் சேர்த்தது.

தொழுநோயையும் மீள்காய்ச்சலையும் ஆராய்ந்த கார்ட்டர், 1888-இல் ஓய்வு பெற்று, 1897-இல் ஸ்கார்பரோவில் காசநோயால் காலமானார். அந்த உடற்கூற்று நூல் இன்றும் கிரேயின் பெயரிலேயே அச்சாகி வருகிறது.