தகர வீடுகளும் தம்பி நாயுடுவும்

ஒரு குடும்பத் தலைவன் கொள்கைக்காகச் சிறைக்குப் போகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே அடிப்பார்களா, கல் உடைக்கச் சொல்வார்களா என்ற பயமெல்லாம் இரண்டு நாளில் பழகிப்போகும். பழகாத கவலை ஒன்று உண்டு. இந்த மாதம் வீட்டு வாடகையை யார் கட்டுவார்? பெண்டாட்டி பிள்ளைகள் எங்கே படுப்பார்கள்? எத்தனையோ போராட்டங்கள் இந்த ஒரு கேள்வியில்தான் உடைந்து போயிருக்கின்றன. நூறு வருஷத்துக்கு முன்னால் தென்னாப்பிரிக்காவில் நம்மவர்கள் இந்தக் கேள்விக்குத் தங்கள் கையாலேயே பதில் கட்டினார்கள். அவர்களில் முன்னால் நின்றவர் தம்பி நாயுடு.

காந்தியடிகளின் தென்னாப்பிரிக்கக் கதையைப் படித்தவர்கள் இந்தப் பெயரைச் சந்திக்காமல் இருந்திருக்க முடியாது. 1875-இல் மொரீசியஸ் தீவில் பிறந்தவர். பெற்றோர் சென்னை மாகாணத்திலிருந்து கடல் கடந்து போனவர்கள். நம்ம தாத்தா பாட்டி மலாயாவுக்கு வந்த அதே காலத்துக் கதைதான், கப்பல் மட்டும் வேறு திசையில் போயிருக்கிறது. இளம் வயதிலேயே தென்னாப்பிரிக்காவுக்கு வந்து, ஜோகன்னஸ்பர்க் நகரத்தில் தொழில் செய்து குடும்பம் நடத்தினார்.

பள்ளிக்கூடப் படிப்பு என்று சொல்லும்படி அவருக்குப் பெரிதாக எதுவும் இல்லை. ஆனால் தமிழும் ஆங்கிலமும் நன்றாகத் தெரியும். இந்துஸ்தானி பேசுவார், தெலுங்கு ஓரளவு வரும், மொரீசியஸ் கிரியோலும் வரும். எல்லாம் தெருவிலும் சந்தையிலும் கற்றுக்கொண்டவை. கோபம் கொஞ்சம் சீக்கிரம் வந்துவிடும், அவசரக்காரர் என்றும் பெயர். ஆனால் வேலை என்று வந்துவிட்டால் பெரிது சிறிது பார்க்க மாட்டார். அங்கே தமிழர்கள் நடத்திய நலச் சங்கத்துக்குத் தலைவராகவும் இருந்தார்.

1907-இல் டிரான்ஸ்வால் அரசாங்கம் ஒரு சட்டம் போட்டது. ஆசியர்கள் எல்லாரும் விரல் ரேகை பதித்து அனுமதிச் சீட்டு வாங்கி, எப்போதும் அதைக் கையில் வைத்திருக்க வேண்டும். குற்றவாளிக்குச் செய்கிற மாதிரி நமக்கும் செய்வதா என்று மக்கள் கொதித்துப்போனார்கள். பதிவு அலுவலகங்களின் வாசலில் நின்று, உள்ளே போக வருகிறவர்களிடம் பணிவாக எடுத்துச் சொல்லித் திருப்பி அனுப்புகிற தொண்டர் படை ஒன்று உருவானது. அதற்குத் தலைமை தாங்கியவர் தம்பி நாயுடு. 1908 ஜனவரியில் காந்தியோடு சேர்ந்து சிறைக்குப் போனார். அடுத்த மாதமே, சமரசத்தை ஏற்காத சிலர் நடுத்தெருவில் காந்தியை அடித்தபோது, குறுக்கே புகுந்து அந்த அடியில் ஒரு பங்கைத் தானும் வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகும் பல தடவை சிறை. சொந்தத் தொழில் கரைந்தே போனது.

அவர் ஒருவர் கதை மட்டும் இப்படி இல்லை. டிரான்ஸ்வால் தமிழர்களில் எத்தனையோ பேர் திரும்பத் திரும்பச் சிறைக்குப் போனார்கள். சிலரைக் கப்பலில் ஏற்றி இந்தியாவுக்கே நாடு கடத்தினார்கள். வெளியே நின்ற குடும்பங்களுக்கு இயக்கம் மாதாமாதம் பணம் கொடுத்து வந்தது. ஒவ்வொரு குடும்பமும் தனித்தனி வாடகை வீட்டில் இருந்ததால் எவ்வளவு கொடுத்தாலும் போதவில்லை. 1910 வாக்கில் நிதி வற்றும் நிலைக்கு வந்துவிட்டது. பணம் நின்றால் வாடகை நிற்கும். வாடகை நின்றால் போராட்டமும் நின்றுவிடும்.

அந்தச் சமயத்தில் கை கொடுத்தவர் ஹெர்மன் காலன்பாக். யூதர், கட்டடக் கலைஞர், காந்தியின் நெருங்கிய நண்பர். ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து 21 மைல் தூரத்தில், லாலி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், தன்னுடைய 1,100 ஏக்கர் நிலத்தைப் போராட்டக் குடும்பங்கள் வாடகை இல்லாமல் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று 1910 மே மாதம் ஒப்படைத்தார். ஏறக்குறைய ஆயிரம் பழமரங்கள், இரண்டு கிணறு, ஒரு ஊற்று, ஏழெட்டுப் பேர்கூட தங்க முடியாத ஒரு சின்ன வீடு. அங்கே இருந்தது அவ்வளவுதான். ரஷ்ய எழுத்தாளரின் நினைவாக அதற்கு டால்ஸ்டாய் பண்ணை என்று பெயர் வைத்தார்கள்.

நிலம் கிடைத்துவிட்டது, வீடு வேண்டுமே! ஆள் வைத்துக் கட்டக் காசு ஏது? கொத்து வேலைக்கு ஒரு ஐரோப்பியரை மட்டும் கூலிக்கு வைத்தார்கள். தமானியா என்ற குஜராத்தித் தச்சர் காசு வாங்காமல் வந்து உழைத்தார். வேறு சில தச்சர்களையும் குறைந்த கூலிக்கு அழைத்து வந்தார். மற்ற வேலை எல்லாம் குடியிருக்கப் போகிறவர்களே செய்தார்கள். சுவரும் கூரையும் தகரம். அளவெடுத்து அறுத்த மரம் கடையிலேயே கிடைத்தது. மொத்தம் இரண்டு மாதம்தான். அதுவரை ஆண்கள் கூடாரத்தில் படுத்தார்கள். பத்துப் பெண்களுக்கு ஒரு கட்டடம், அதிலிருந்து தள்ளி அறுபது ஆண்களுக்கு இன்னொரு கட்டடம், பள்ளிக்கூடம், தச்சு வேலைக்கும் செருப்பு வேலைக்கும் ஒரு பட்டறை என்று கணக்குப் போட்டுக் கட்டினார்கள். நம்ம ஊரில் கோத்தோங் ரோயோங் என்கிறோமே, அதேதான்.

இதில் தம்பி நாயுடுவுக்கு என்ன பொறுப்பு தெரியுமா? தமிழ்ச் சங்கத் தலைவர், பல தடவை சிறை கண்டவர், மேடையில் பேசினால் கூட்டம் கேட்கும். அப்படிப்பட்டவர் எடுத்துக்கொண்டது பண்ணையின் துப்புரவு வேலையும், ஜோகன்னஸ்பர்க் போய்ச் சாமான் வாங்கி வருகிற வேலையும். அறுபது எழுபது பேர் நெருக்கி வாழ்கிற இடத்தில் நோய் வராமல் காப்பது சின்ன விஷயம் இல்லை. மலத்தைப் பள்ளத்தில் போட்டு மண்ணால் மூடி உரமாக்கினார்கள். கழுவின தண்ணீரை வாளியில் பிடித்து மரத்துக்கு ஊற்றினார்கள். ஈயோ நாற்றமோ அங்கே இல்லை. வீடு கட்டுவது பாதி வேலைதான், அதை மனுஷன் வாழத் தகுந்த இடமாக வைத்திருப்பது மீதிப் பாதி. யாரும் எடுக்கத் தயங்குகிற அந்த மீதியைத் தலைவர் எடுத்துக்கொண்டார்.

பண்ணையில் வேலைக்காரர் கிடையாது. இந்துக்கள், முஸ்லிம்கள், கிறிஸ்துவர்கள், பார்சிகள் எல்லாருக்கும் ஒரே அடுப்பு, சைவச் சாப்பாடு. ரமலான் மாதத்தில் முஸ்லிம் பிள்ளைகள் நோன்பு இருந்தபோது இந்துப் பிள்ளைகளும் ஒரு வேளை உணவோடு சேர்ந்துகொண்டார்கள். காந்தி தனக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழை வைத்துக்கொண்டு தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தார்! சொந்த விருப்பத்துக்கு நகரத்துக்குப் போகிறவர் நடந்துதான் போக வேண்டும். விடியாத நேரத்திலேயே புறப்பட்டு 21 மைல் நடப்பார்கள். இப்படி வாழ்ந்ததால் செலவு சுருங்கியது. சிறைக்குள் இருந்தவர்களின் மனசும் லேசானது.

அந்தத் தகர வீடுகளின் உண்மையான பலன் 1913-இல்தான் தெரிந்தது. அதற்குள் பண்ணையை மூடிவிட்டார்கள். ஆனால் அங்கே வாழ்ந்து பழகிய பெண்கள் துணிந்து நின்றார்கள். தம்பி நாயுடுவின் மனைவி வீரம்மாள் உட்படப் பதினொரு பெண்கள், ஒருவரைத் தவிர எல்லாரும் தமிழர்கள், சிலர் இடுப்பில் கைக்குழந்தையோடு, அனுமதி இல்லாமல் எல்லை தாண்டி நேட்டாலுக்குள் போனார்கள். நியூகாசல் நிலக்கரிச் சுரங்கங்களில் ஒப்பந்தக் கூலிகளாக இருந்தவர்களிடம் பேசினார்கள். ஒப்பந்தம் முடிந்தவர்கள் தலைக்கு வருஷம் 3 பவுன் வரி கட்ட வேண்டும் என்ற கொடுமையை எடுத்துச் சொன்னார்கள். தம்பி நாயுடுவும் அங்கே போய்த் தொழிலாளர்களைத் திரட்டினார். வேலைநிறுத்தம் தீயாய்ப் பரவியது. பெண்களுக்கு மூன்று மாதக் கடுங்காவல்.

இங்கேயும் வீடுதான் பிரச்சினை. சுரங்கத் தொழிலாளி குடியிருந்தது முதலாளியின் வீட்டில். வேலையை நிறுத்தினால் வீடும் போச்சு. தோட்டத்து லயன் வீட்டில் வாழ்ந்த நம்ம பெரியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முதலாளிகள் விளக்கையும் தண்ணீரையும் நிறுத்தினார்கள். தொழிலாளர்கள் போர்வையையும் பிள்ளைகளையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்கள். நியூகாசலில் லாசரஸ் என்ற தமிழ்க் கிறிஸ்துவர் தன்னுடைய சின்ன வீட்டையும் வளவையும் அவர்களுக்குத் திறந்துவிட்டார். இடம் பற்றாமல் மற்றவர்கள் வானத்தையே கூரையாக வைத்துப் படுத்தார்கள். நவம்பர் 6-ஆம் தேதி 2,037 ஆண்களும் 127 பெண்களும் 57 குழந்தைகளும் டிரான்ஸ்வாலை நோக்கி நடந்தார்கள். சிறையில் நோய் வாங்கி வந்த தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரி 22-இல் பதினாறு வயதில் இறந்துபோனார். அந்த வருஷமே 3 பவுன் வரி ஒழிந்தது.

காந்தி இந்தியாவுக்குக் கிளம்பினார். தம்பி நாயுடு தன் பிள்ளைகள் நால்வரை அவருடைய பொறுப்பில் அனுப்பிவைத்தார். தான் மட்டும் ஜோகன்னஸ்பர்க்கிலேயே இருந்து மக்கள் பணியைத் தொடர்ந்து, 1933-இல் காலமானார். அந்தப் பிள்ளைகளில் ஒருவரான நாராயணசாமி பிறகு தென்னாப்பிரிக்கா திரும்பிப் போராட்டத்தில் இறங்கினார். நாராயணசாமியின் மகன் இந்திரஸ் நிறவெறி ஆட்சியை எதிர்த்துப் பத்து வருஷம் ராபன் தீவுச் சிறையில் கிடந்தார். மூன்று தலைமுறை!

டால்ஸ்டாய் பண்ணையின் தகர வீடுகள் இன்றைக்கு நிற்கவில்லை. மூன்று வருஷம்கூட முழுசாகப் பயன்படாத வீடுகள் அவை. ஆனால் அந்தக் கொஞ்ச காலம் ஒரு கூரை கிடைத்ததால்தான் சில குடும்பங்கள் சிதறாமல் இருந்தன. சிதறாத அந்தக் குடும்பங்கள் பின்னால் ஆயிரக்கணக்கானவர்களைத் தட்டி எழுப்பின.

நம்ம பக்கத்திலும் மழைக்கு ஒழுகுகிற கூரையின் கீழே பிள்ளைகளைப் படிக்க வைக்கிற தாய்மார்கள் இருக்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்துப் பேர் சேர்ந்தால் ஒரு கூரையை மாற்றிவிடலாம். தகரம் தூக்க ஒருவர், ஆணி அடிக்க ஒருவர், தெரிந்த தச்சர் ஒருவர். அங்கே போனதும் எந்த வேலையை எடுப்பது என்று யோசனை வந்தால் தம்பி நாயுடுவை நினைத்துக்கொள்ளுங்கள். சாக்கடையைச் சுத்தம் பண்ண ஆள் வேண்டும் என்று யாராவது சொல்வார்கள். முதல் கை உங்களுடையதாக இருக்கட்டும்.